ஷார்ப் என்றால் விஸ்கி, சாஃப்ட் என்றால் சோடா

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் பெண்ணின் அப்பா ஆல்பத்தை நீட்டினால் நாமெல்லாம் என்ன செய்வோம்? நாலு பக்கம் புரட்டிவிட்டு "ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்போம். பஜ்ஜி வரும். என்னோடு வந்திருந்த நண்பர் அப்படிச் செய்யவில்லை. இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கண்ணை மட்டும் திறந்து, மணப்பெண்ணின் முழுப்பக்கப் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "மூக்கு ஷார்ப். கண்ணு சாஃப்ட்" என்றார்.

பெண்ணின் அப்பா மகளின் மூக்கை யாரோ பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, "அவங்க அம்மா ஜாடை சார்" என்றார்.

"இல்லீங்க. படம் எடுத்தவர் கண்ணுல ஃபோகஸ் வெக்காம மூக்குல வெச்சுட்டார். இந்த ஆல்பம் முழுக்க அப்படித்தான். திருப்பிக் கொடுத்துடுங்க."

பஜ்ஜி வருவதற்கு முன்பே நான் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். தெருமுனையில், "நான் என்ன தப்பா சொல்லிட்டேன் வாத்தியார்?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அவரிடம் இருந்த தீர்ப்புகள் இரண்டே இரண்டு. தெளிவாக விழுந்தால் ஷார்ப், கலங்கியிருந்தால் சாஃப்ட். 'பரவாயில்லை' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் க்வாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவர். கையில் எப்போதும் கேஜ் என்கிற அளவுக்கட்டை இருக்கும். துளைக்குள் அது போனால் பீஸ் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட். செய்தவன் நல்லவனா, அவனுக்கு வீட்டில் கஷ்டமா என்பதெல்லாம் கேஜுக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற அன்று கேஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழக்கத்தைக் கொடுக்கவில்லை.

எங்கள் பள்ளியில் எனக்கு நல்லாசிரியர் கேடயம் கொடுத்தபோது எடுத்த படத்தை ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். நான், தாளாளர், பொன்னாடை, பின்னால் சுவர். வலது கண்ணால் பார்த்தார். "காலண்டர் ஷார்ப்பா விழுந்திருக்கு" என்றார். எனக்குப் பின்னால் சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வாழ்த்துக்காக இன்னும் ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். வரவில்லை.

இந்த மனிதருடன் நான் ஞாயிறுதோறும் செம்பாக்கம் ஏரிக்குப் பறவைப் படம் எடுக்கப் போனேன். அவரிடம் அறுநூறு மில்லிமீட்டர் டெலி லென்ஸ் இருந்தது. பிறந்த குழந்தையைவிடக் கனம். அதை ஈரிழைத் துண்டில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு ஓட்டி வருவார். பேச்சில் அதை 'அவன்' என்றுதான் சொல்வார். "நேத்து மழைக்கு அவன் வெளிய வரல." "அவனுக்கு இந்த வெளிச்சம் பிடிக்காது." மனைவி இறந்து, மகள் ஓசூருக்குக் குடிபோன பிறகு, அந்த வீட்டில் அவரைத் தவிர இருந்தவன் அவன் ஒருவன்தான்.

என்னிடம் இருந்தது கிட்டே, தூரம் எல்லாவற்றுக்கும் நீளுகிற, சுருங்குகிற ஜூம் லென்ஸ். அதன்மேல் அவருக்கு மரியாதை கிடையாது. "உங்களோடது வாணலி, குக்கர், தோசைக்கல்லு எல்லாம் ஒண்ணுலயே வேணும்னு வாங்கினது. இவன் தோசைக்கல்லு மட்டும்தான். ஆனா தோசை வரும்" என்பார்.

ஏரியில் ஒன்பது மணிக்கு மேல் டெலி லென்ஸுக்கு வேலை இல்லை. வெயில் ஏறினால் தண்ணீர்மேல் காற்று கொதிக்கும், தூரத்துப் பறவையெல்லாம் நெளிந்து தெரியும். ஆகவே மூட்டை கட்டிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் தனசேகரின் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். தனசேகர் எங்கள் மூன்றாவது ஆள். அந்தத் தெருவே ஒரு காலத்தில் அவன் அப்பாவின் நிலம். இப்போது மூன்று மாடி வீட்டின் வாடகையில் உட்கார்ந்திருக்கிறவன். கேமரா வாங்கியதற்குக் காரணம் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் வாங்கினீங்க, அதான்" என்பான். மாடியில் தகரக் கூரை, பழைய டிவி, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. வேகவைத்த வேர்க்கடலை. பதினொரு மணிக்கு விஸ்கி.

விஸ்கிக்கும் ஒரு விதி இருந்தது. விதியைக் கொண்டுவந்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு மூன்று படம். ஒவ்வொன்றையும் டிவியில் போட்டு, பறவையின் கண் திரைக்கு நடுவே வரும்வரை பெரிதாக்க வேண்டும். அவர் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பார். பறவையின் கண் ஷார்ப்பாக இருந்தால் எடுத்தவனுக்கு விஸ்கி. சாஃப்ட் என்றால் வெறும் சோடா. அவருடைய படத்துக்கும் அதே விதி.

"ரெண்டு கண்ணாலயும் பாத்தா இன்னா சார்? கண்ணு தேஞ்சா பூடும்?" என்று தனசேகர் ஒருமுறை கேட்டான்.

"வ்யூஃபைண்டர்ல எந்தக் கண்ணு பார்த்து எடுக்குதோ அந்தக் கண்ணுதான் தீர்ப்பு சொல்லணும். இன்னொரு கண்ணு சும்மா வந்த விருந்தாளி."

"இம்மாம் பெரிய குழாய வெச்சிகினு இத்தினூண்டு கோழிய பாக்கறீங்க. நம்ம கறிக்கடையாண்ட வந்தா கிட்டயே நின்னு பாக்கலாம்."

"அந்தக் கோழி அசையாது தனசேகர். அசையாததைக் குழந்தைகூட எடுக்கும்."

எனக்குக் கை நடுங்கும். காலை காபிக்கு முன்னும் நடுங்கும், பின்னும் நடுங்கும். அதனால் இரண்டு வருடம் அந்த மாடியில் நான் குடித்ததெல்லாம் சோடா. வீட்டுக்குப் போனால் மனைவி பக்கத்தில் வந்து மோந்து பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. "அப்ப ஞாயித்துக்கிழமை எங்கதான் போறீங்க?" என்று அவளுக்குச் சந்தேகம் அதிகமானது. குடித்ததாக ஒப்புக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் எடுத்த நாமக்கோழிப் படம் டிவியில் ஏறியது. அவர் ஒற்றைக்கண்ணால் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். "ஷார்ப்" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. தனசேகர் பாட்டிலைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். "வாத்யாருக்கா?"

"ஊத்து" என்றார் அவர்.

அடுத்து அவருடைய படம். நீலத்தாழைக்கோழி ஒன்று, ஆகாயத்தாமரை இலைமேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார். "சாஃப்ட். எனக்கு சோடா."

அன்றைக்கு நான் இரண்டு ரவுண்டு விஸ்கி குடித்தேன். நாக்கு சுட்டது, மூக்கில் ஏறியது, உலகம் நியாயமாக நடப்பதாகத் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் மனைவி மோந்து பார்த்தாள். "அப்பாடா" என்றாள்.

மறுநாளே நாமக்கோழியைப் பெரிய அளவில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். ஸ்டூடியோ அம்மாள் கவரை நீட்டும்போது, "சார், பின்னாடி நாணல்தான் நல்லா விழுந்திருக்கு. கோழி கண்ணு கலங்கியிருக்கே, பரவாயில்லையா?" என்றார்.

பார்த்தேன். நாணல் நாணலாக இருந்தது, நரம்புவரை எண்ணலாம். கோழியின் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புத் தீற்றல்.

ஒரு சாதாரண மனிதன் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவான்? படம் சரியில்லை என்று வருவான். நான், என் கண் போய்விட்டது என்ற முடிவுக்கு வந்தேன். ஏனென்றால் அவர் ஷார்ப் என்று சொல்லியிருக்கிறார். அவர் தப்பாகச் சொல்ல முடியாது. ஆகவே தப்பாகப் பார்ப்பது நான். அந்த ஸ்டூடியோ அம்மாளுக்கும் கண்ணில் கோளாறு இருக்கலாம், பாவம்.

அடுத்த மூன்று நாள் வீட்டு மாடிப்படியில் ஒற்றைக்கண்ணை மூடி ஏறி இறங்கினேன். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்று வருகிற பஸ்ஸின் நம்பரையெல்லாம் வாய்விட்டுப் படித்தேன். ஒருவர் என்னை நேரக் காப்பாளர் என்று நினைத்து மேடவாக்கம் வண்டி எப்போது வரும் என்று கேட்டார். இரவில் செல்போனில் தேடியதில் எனக்கு ஏழு வியாதிகள் இருப்பது உறுதியானது. "என் காலத்துக்கப்புறம் பையனை இன்ஜினியரிங்ல சேர்த்துடாத" என்று மனைவியிடம் சொன்னேன்.

"மொதல்ல மூக்குக் கண்ணாடியைத் துடைங்க" என்றாள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் போனேன். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, "உங்க கண்ணு நல்லா இருக்கு. பிரஷர்தான் ஏறியிருக்கு. ஏன் இவ்வளவு பதட்டம்?" என்றார். ஃபீஸைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து படியில் நின்றபோதுதான் உறைத்தது. என் கண் சரி என்றால், யாருடைய கண் சரியில்லை?

அடுத்த ஞாயிறு ஏரிக்கரையில் அவர் சரியான எரிச்சலில் இருந்தார். "அவனுக்கு ஏதோ ஆயிடுச்சு வாத்தியார். ரெண்டு வாரமா ஒண்ணும் ஷார்ப்பா காட்ட மாட்டேங்கறான். அந்தக் கரண்ட் கம்பியைப் பாருங்க, நடுவுல வளையுது. உள்ள கண்ணாடி நகர்ந்திருக்கும். இல்லன்னா பூஞ்சை. நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று கேமராவை விட்டு நகர்ந்தார்.

அவர் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தேன். ஒரே மங்கல். அதன் பக்கத்தில், பார்க்கிறவர் பார்வைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள ஒரு சின்னச் சக்கரம் உண்டு. தொட்டுப் பார்த்தேன். கடைசிவரை திருகப்பட்டிருந்தது. அதற்குமேல் போக இடமில்லை. மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தேன். முக்குளிப்பானின் அலகு நுனியில் நின்ற தண்ணீர்ச் சொட்டு தெரிந்தது. அக்கரையில் கரண்ட் கம்பி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக ஓடியது.

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒளியியல் நடத்துகிறவன் நான். கண்ணும் ஒரு லென்ஸ்தான் என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் வரைகிறவன். நேரான கம்பி நடுவில் வளைந்து தெரிகிறது என்றால், இவருக்கு நடுப்பார்வை போகிறது, ஓரப்பார்வை இருக்கிறது. பறவையின் கண் எங்கே விழுகிறதோ அங்கே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் இருப்பதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். அதனால்தான் நாணல் தெளிவாக விழுந்த என் படம் பாஸ். பின்னணி முழுதும் கரைந்து, கண் மட்டும் ஊசி முனையாக நிற்கும் அவருடைய படம் ரிஜெக்ட். ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிட்டேன். இடது கண் நன்றாக இருப்பதால் ஸ்கூட்டர் ஓட்டும்போதும் பேப்பர் படிக்கும்போதும் அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஒற்றைக்கண்ணால் பார்ப்பது லென்ஸ் வழியாக மட்டும்தான். பழி லென்ஸ்மேல் விழுந்துவிட்டது.

சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். 'சார், லென்ஸ் நல்லா இருக்கு, வாங்க டாக்டர்கிட்ட போவோம்.' நாக்குவரை வந்தது. சக்கரத்தை அவசரமாகப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன்.

"ஈரம் ஏறியிருக்கும் சார். சர்வீஸுக்கு அனுப்பிப் பாருங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பயம் என்று சொல்லிக்கொள்ளப் பிடிக்கும். பாதி பயம்தான். மீதிப் பாதிக்கு அன்று பதினொரு மணிக்கு மாடியில் விடை கிடைத்தது. என்னுடைய மூன்று படத்திலும் ஓலையும் புல்லும் ஒளிவீசின. மூன்றும் ஷார்ப்.

அதிலிருந்து ஆறு வாரம். ஆறு ஞாயிறும் நான் விஸ்கி, அவர் சோடா. லென்ஸ் சர்வீஸில் இருந்த நாலு வாரமும் சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு வந்தார். தன் படத்தைத் தானே ரிஜெக்ட் செய்துவிட்டு, சோடாவைக் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த படத்தைப் போடச் சொன்னார். ஒரு நாள் படியிறங்கும்போது தனசேகர் என் தோளில் கை போட்டான்.

"வாத்யாரே, உன் படம் எதுவும் நல்லா இல்லியே. சார் எப்படி பாஸ் போடறாரு?"

"நல்லாத்தான் இருக்கு."

"எனக்கே தெரியுதுப்பா. வயசாச்சு, மனசு எளகிக்கீறாரு போல. நீ கம்முனு குடி. எதுனா கேட்டு பேஜார் பண்ணாத."

கம்மென்று குடித்தேன்.

சர்வீஸிலிருந்து லென்ஸ் வந்தது. கூடவே 'குறை எதுவும் இல்லை' என்று ஒரு சீட்டு. அவர் நம்பவில்லை. அந்தச் சனிக்கிழமை எனக்குப் போன் செய்தார். "அவனைக் கொடுத்துடலாம்னு இருக்கேன் வாத்தியார். பெருங்களத்தூர்ல ஒருத்தர் வாங்கிக்கறேங்கறார். குறை இருக்குன்னு சொல்லிட்டேன். சரி பண்ணிக்கறாராம். நாளைக்கு மாடிக்கே வந்து எடுத்துட்டுப் போறார்."

போனை வைத்த பிறகு நான் கழிவறைக்கு மூன்று முறை போய்வந்தேன். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். "சார், உங்ககிட்ட ஒரு விஷயம்." இல்லை. "சார், ஒளியியல் என்ன சொல்லுதுன்னா." அதுவும் இல்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க." முப்பத்தொரு வருடமாகத் தப்பை மட்டுமே எடுத்தவர் அவர்.

மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், விஸ்கி உட்பட. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "ஒருத்தர் கண்ணு போகுது, ஆறு வாரமா உக்காந்து குடிச்சிருக்கீங்க" என்றாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூட கிராஃப் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு தனசேகரின் மாடிக்குப் போனேன். நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். லென்ஸ் துண்டில் சுற்றியபடி நாற்காலியில் இருந்தது. பெருங்களத்தூர்க்காரர் இன்னும் வரவில்லை. தாளை நீட்டினேன்.

"சார், வலது கண்ணால மட்டும் அந்தப் புள்ளியைப் பாருங்க."

இடது கண்ணை மூடிப் பார்த்தார். "எந்தக் கம்பெனி பேப்பர் இது? கோடெல்லாம் வளைஞ்சிருக்கு. நடுவுல அச்சே விழல. ரிஜெக்ட்."

"இப்ப இடது கண்ணால."

கண்ணை மாற்றினார். மறுபடி வலது. மறுபடி இடது. பிறகு நான் சொல்லித்தராத ஒரு காரியத்தைச் செய்தார். தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து, வலது கண்ணால் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"பேப்பர் திரும்புது. வளைவு திரும்பல" என்றார்.

தனசேகர் கடலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். "இன்னா சார்?"

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "முப்பத்தொரு வருஷம் பீஸைத்தான் ரிஜெக்ட் பண்ணிட்டு இருந்தேன் தனசேகர். கம்பெனியில மாசத்துக்கு ஒருதரம் கேஜையும் செக் பண்ணுவோம். ரிட்டயர் ஆனப்புறம் அந்த வேலையை நான் செய்யல." நாற்காலியில் இருந்த லென்ஸை மடிக்கு எடுத்துக்கொண்டு, "அந்த ஆள் வந்தா சொல்லிடு. லென்ஸ்ல குறை இல்ல, கொடுக்கறதா இல்லன்னு" என்றார்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவரைப் பெரிய கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். விழித்திரையின் நடுவில் ரத்தம் கசிந்து தழும்பு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டால் மேலும் பரவாமல் நிறுத்தலாம். போன நடுப்பார்வை திரும்பாது. இடது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, தினமும் கட்டம் போட்ட தாளைப் பார்த்துச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

"ஒண்ணு ஒன்றரை மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா நிறைய காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே. டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். நான் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தேன். நான் கரும்பலகையில் வரைவதைவிட நன்றாக இருந்தது.

திரும்பும்போது ஆட்டோ. வலது கண்ணில் பஞ்சு. மேம்பாலம் தாண்டியதும் கேட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் வாத்தியார்?"

என்னிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. மூன்றிலும் நான் நல்லவன். ஆனால் இடது கண் திறந்திருந்தது, அது என்னையே பார்த்தது.

"ஆறு வாரமா சார்."

"லென்ஸை சர்வீஸுக்கு அனுப்பறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி."

தலையாட்டினார். பீஸின் எண்ணைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறவர் தலையாட்டுவதுபோல இருந்தது. "கேம்ப் ரோடு சிக்னல்ல லெஃப்ட் எடுத்துக்கங்க" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். எனக்குத் திட்டு ஒன்றும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. திட்டியிருந்தால் நான் அதை வைத்து நாலு நகைச்சுவை செய்து தப்பித்திருப்பேன்.

ஊசிகளுக்கு நடுவே அவர் இடது கண்ணால் படமெடுக்கப் பழகினார். கேமராக்கள் வலது கண்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. இடது கண்ணை வைத்தால் மூக்கு பின்பக்கத் திரையில் அழுந்தும், கட்டை விரல் கண்ணில் குத்தும். இரண்டு மாதம் ஏரிக்கரையில் மூக்கு நசுங்கி நின்றார். அவர் பக்கத்தில் ட்ரைபாடைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். பிடிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பிடியுங்கள் என்றும் சொல்லவில்லை.

மாடியிலும் தீர்ப்பு மறுபடி ஆரம்பித்தது, இப்போது இடது கண்ணால். கேஜ் பிசகவில்லை. தனசேகர் எடுத்த புறா சாஃப்ட். அவருடைய நீலத்தாழைக்கோழி ஷார்ப். என் படம் ஏறும்போது மட்டும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். திரையைப் பார்க்காமல் கடலையை எடுத்து உரிப்பார். தனசேகர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சோடாவா விஸ்கியா என்று தெரியாமல், பாதி அதுவும் பாதி இதுவுமாக ஊற்றுவான். தீர்ப்பில்லாத அந்தக் கலவையை எட்டு மாதம் குடித்தேன்.

பிறகு மகள் வந்து ஓசூருக்கு அழைத்துக்கொண்டாள். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறும் ஏரி, மாடி, மூன்று படம். அன்று காலை எனக்கு ஒரு மீன்கொத்தி கிடைத்திருந்தது. கை நடுங்கிய இடைவெளியில் எப்படியோ ஒரு நொடி நடுங்காமல் இருந்திருக்கிறது. டிவியில் அதன் கண்ணைப் பெரிதாக்கினான் தனசேகர். கருவிழிக்குள் ஏரிக்கரையும், அதன்மேல் மூன்று காலில் நிற்கும் ட்ரைபாடும் தெரிந்தன.

"யப்பா, இன்னாமா கீது" என்றான் தனசேகர். "சார், இத்தயாவது பாருங்க."

அவர் கடலையிலிருந்து தலையை நிமிர்த்தினார். திரைப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கண்ணையும் திறந்து என்னைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க வாத்தியார்."

கேலியாக ஏதாவது சொல்லலாம் என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

"ஷார்ப் சார்" என்றேன்.

"அப்படியா" என்றார். தனசேகரிடம், "வாத்தியாருக்கு விஸ்கி ஊத்து" என்றார்.

தனசேகர் ஊற்றினான். மீன்கொத்தி இன்னும் திரையில் இருந்தது. அவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.